அறுபத்திரண்டாவது சாட்சியம்

எதிர்த் தெரு நகல் கடைக்காரரை எங்கள் நீதிமன்றத்தில் சாட்சி அண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். வாழ்நாளில் ஒரே ஒரு முறை சாட்சி சொன்னவரே பத்து வருடத்துக்கு அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு திரிவார். இவர் அறுபத்தொரு முறை சொல்லியிருந்தார். கணக்கு எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவற்றில் பெரும்பாலானவற்றைத் தட்டச்சு செய்தவள் நான். மீதியை அவரே வந்து பெருமையாகச் சொல்லிவிட்டுப் போவார்.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அவருடைய கடை போலீஸ் நிலையத்துக்கு நேர் எதிரே இருந்தது. போலீஸ் ஒரு பொருளைக் கைப்பற்றினால் அங்கேயே ஒரு மகஜர் எழுத வேண்டும். என்ன பொருள், எந்த இடத்தில், யாரிடமிருந்து என்ற விவரமெல்லாம் அதில் இருக்கும். பொதுமக்கள் இருவர் கூடவே நின்று பார்த்துக் கையெழுத்திட வேண்டும். சட்டம் சொல்வது இது. ஆனால் கோர்ட் வாசலை மிதிக்க யாருக்கு ஆசை? போலீஸ் கூப்பிட்டால் தெருவே காலியாகிவிடும். அதனால் நகல் எடுக்க வரும் ஏட்டு அந்தத் தாளையும் சேர்த்து நீட்டி, "அண்ணே, இதுல ஒரு கையெழுத்து" என்பார். அண்ணனும் போட்டுவிடுவார். வாடிக்கையாளர் மனம் கோணக்கூடாது என்பது அவர் கொள்கை. அந்த வாடிக்கையாளர் கையில் லத்தி இருந்தால் கொள்கை இன்னும் உறுதிப்படும்.

பயம் மட்டும்தான் என்று சொன்னால் பொய். அவருக்கு அதில் ஆசையும் இருந்தது. டவாலி வாசலில் நின்று மூன்று முறை தன் பெயரைக் கூப்பிடுவதும், கூண்டில் ஏறி நின்று சத்தியம் செய்வதும், கறுப்புக் கோட்டு போட்டவர்கள் "நீங்க சொல்லுங்க" என்று பன்மையில் கேட்பதும் ஒரு நகல் கடைக்காரருக்கு வேறெங்கே கிடைக்கும்? சாட்சி நாளில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வருவார். வந்து வந்து பாதி வக்கீலாகவே ஆகிவிட்டார். புதிதாக வந்த இளம் வக்கீல்களுக்கு, எது ஆவணச் சான்று, எது பொருட்சான்று, எழுத்தில் இருப்பதற்கு முன்னால் வாய்ப்பேச்சு ஏன் நிற்காது என்றெல்லாம் வராந்தாவில் வகுப்பெடுப்பார். அவர்களில் இரண்டு பேர் இப்போது பெரிய வக்கீல்கள். இவரைக் கண்டால் தெரியாதவர்கள் மாதிரி போவார்கள்.

மனைவி இறந்தபோது மகளுக்கு நான்கு வயது. பாப்பா என்று அவர் கூப்பிட, தெருவே அவளைப் பாப்பா என்றது. கடையில் காகிதக் கட்டுகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தே அவள் வளர்ந்தாள். அவர்கள் இருவருக்குள் ஒரு விளையாட்டு உண்டு. அவள் என்ன புகார் கொண்டுவந்தாலும், "நேர்ல பாத்தியா, கேள்விப்பட்டியா?" என்பார். ஒருநாள் பால் கொட்டிக் கிடந்தது. பூனைதான் என்றாள். நேர்ல பாத்தியா என்று கேட்டார். "தரையில பால், அது மீசையில பால். சூழ்நிலைச் சான்று போதும்ப்பா" என்றாளாம் ஏழு வயதில். அதை அவர் என்னிடமே நான்கு தடவை சொல்லியிருக்கிறார், ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்வதுபோல.

அவளுக்கு இருபத்தோரு வயதான வருடம் நகல் எந்திரத்துக்கு அடிக்கடி நோவு வரத் தொடங்கியது. பாப்பா கடையில் இருக்கும் நேரம் பார்த்து வந்தது. எந்திரம் ஒழுங்காக ஓடும்போதுகூட மெக்கானிக் வந்து மூடியைத் திறந்து ஏதோ துடைத்துவிட்டுப் போவான். அமைதியான பையன், விரலெல்லாம் எப்போதும் கருப்பு மை. அண்ணனுக்கு விஷயம் தெரியும். தெரியாத மாதிரி இருந்தார். அவனை அவருக்குப் பிடித்திருந்தது.

அந்த மெக்கானிக் எந்திரம் பழுது பார்க்கப் போய்வந்த ஓர் அலுவலகத்தில் மூன்று மடிக்கணினிகள் காணாமல் போயின. உள்ளே போய் வருகிற வெளியாள் யார் என்று தேடினால் மெக்கானிக்தானே கிடைப்பான்.

அது ஏதோ விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். கடையில் ஈ நுழைய இடமில்லை. ஏட்டு வந்து எந்திரக் கண்ணாடிமேல் மூன்று தாள்களை வைத்தார். அண்ணன் ஒரு கையால் பிரதி எடுத்துக்கொண்டே மறு கையால் மூன்றிலும் கையெழுத்துப் போட்டார். கூட்டம் குறைந்தபின் பிரதிகளைக் கொடுக்க நிலையத்துக்குள் போனார். மேசைமேல் ஒரு பை, அதற்குள் மடிக்கணினிகள். சுவரோரம் பெஞ்சில் மெக்கானிக். அப்போதுதான் தான் எதில் கையெழுத்துப் போட்டோம் என்பது அவருக்குப் புரிந்தது. அந்தப் பையை மெக்கானிக்கின் அறையில் கட்டிலுக்கடியிலிருந்து எடுத்ததாகவும், தான் கூடவே நின்று பார்த்ததாகவும் மகஜர் சொன்னது. அந்தத் தாள்களைத் திருப்பிக் கேட்டார். போட்டது போட்டதுதான், கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே சொன்னாராம்.

அன்று அவர் மகளுக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். கோர்ட்டில் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுவதாக. அவள் நம்பினாள். அப்பா சொன்னால் சொன்னதுதான் என்று மெக்கானிக்கிடமும் சொல்லி அனுப்பினாள். விசாரணைக்கு அவளை வரவேண்டாம் என்று அவன் தடுத்துவிட்டான். தன்னைக் குற்றவாளிக் கூண்டில் அவள் பார்க்கக்கூடாது என்று நினைத்தான்.

இனி வருவது என் பங்கு. பூசி மெழுகப் போவதில்லை.

எங்கள் நீதிபதிக்கு அப்போது ஒரு பழக்கம் இருந்தது. முக்கியமான சாட்சி என்றால் அவரே வாக்கியம் வாக்கியமாகச் சொல்வார், நான் அடிப்பேன். மகஜர் சாட்சி வந்தால் என் பக்கம் திரும்பி, "வழக்கம்போல" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வழக்குக் கட்டைப் பிரிக்க ஆரம்பித்துவிடுவார். எல்லா மகஜர் சாட்சிகளும் சொல்வது ஒன்றுதான். எனக்கு அது தூக்கத்தில் கேட்டாலும் வரும். சாட்சி அண்ணன் கூண்டுப் படியில் கால் வைக்கும்போதே என் விரல்கள் தொடங்கிவிடும்: நான் மேற்படி முகவரியில் நகல் கடை நடத்திவருகிறேன். காவல் ஆய்வாளர் அழைத்ததன்பேரில் சென்றேன். எதிரியின் அறையிலிருந்து பையை என் முன்னிலையில் கைப்பற்றினார். மகஜரிலுள்ள கையெழுத்து என்னுடையது. குற்றம் சாட்டப்பட்டவரை எங்கள் பாஷையில் எதிரி என்போம். அவர் சத்தியம் செய்து முடிப்பதற்குள் நான் சாட்சியத்தை முடித்திருப்பேன். அதில் எனக்குக் கர்வம்கூட இருந்தது.

அன்று விடுமுறைக்கு முந்தைய கடைசி வேலைநாள். முப்பத்துநான்கு வழக்குகள். தலைக்கு மேல் மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. கையெழுத்து உங்களுடையதா என்று அரசு வழக்கறிஞர் கேட்டார். ஆமாம் என்றார் அண்ணன். உங்கள் முன்னால்தானே பையை எடுத்தார்கள் என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஜூனியரிடம் அடுத்த கட்டை வாங்கத் திரும்பினார். அண்ணன் கடைசிக் கோடியில் நின்ற மெக்கானிக்கை ஒருமுறை பார்த்தார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டரையும் பார்த்தார்.

"பைய நான் ஸ்டேஷன் மேசை மேலதாங்க பாத்தேன்" என்றார்.

மெதுவாகச் சொன்னார். நீதிபதிக்குக் கேட்கவில்லை, வழக்கறிஞருக்குக் கேட்கவில்லை. கூண்டுக்கும் என் மேசைக்கும் கை நீட்டினால் தொடுகிற தூரம்தான். எனக்குக் கேட்டது.

அப்போது என் மனதில் முதலில் வந்தது நியாயம் அநியாயம் எதுவுமில்லை. 'அந்த வரியை அடித்தாயிற்றே' என்பதுதான். தட்டச்சு எந்திரத்தில் நான்கு தாள், நடுவே மூன்று கார்பன். ஒரு வரியைத் திருத்த நான்கையும் பிரித்து ரப்பரால் தேய்த்து மறுபடி அடிக்க வேண்டும், நீதிபதி எரிந்து விழுவார். சாட்சியத்தைப் படித்துக் காட்டும்போது அண்ணனே சொல்லுவார், அப்போது திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அன்று படித்துக் காட்டவில்லை, நேரமில்லை. மெக்கானிக்குக்காக அரசு கொடுத்த இலவச வக்கீல் எழுந்து குறுக்கு விசாரணை இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தாள்களை அண்ணன் முன்னால் தள்ளினேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று நான்தான் விரல் வைத்துக் காட்டினேன். அவர் எந்தத் தாளையும் படித்துக் கையெழுத்துப் போட்டு நான் பார்த்ததில்லை. அன்றும் படிக்கவில்லை. பெரிய மூட்டையை இறக்கி வைத்தவர் மாதிரி முகம் தெளிந்து படியிறங்கிப் போனார். வீட்டில் பாப்பாவிடம், சொல்லிட்டேன் என்றாராம்.

தீர்ப்பையும் நான்தான் அடித்தேன். நான்காம் சாட்சி, அதாவது அண்ணன், எந்தத் தரப்பையும் சாராதவர், எதிரியோடு அவருக்கு முன்பகை ஏதுமில்லை, கைப்பற்றுதலை ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பித்துள்ளார் என்று இருந்தது. இரண்டு வருடச் சிறை. ஓர் எழுத்துப் பிழையில்லாமல் அடித்துக் கொடுத்தேன். அப்போதும் வாயைத் திறந்திருக்கலாம். வேலை போய்விடும் என்று பயந்தேன், மூடிக்கொண்டேன்.

பாப்பா கோர்ட் நகல் பிரிவில் மனுப் போட்டு, முத்திரை வைத்த சாட்சியப் பிரதியை வாங்கினாள். கடைக்கு வந்தாள். அப்பாவின் எந்திரக் கண்ணாடியில் அதை வைத்து, பொத்தானை அழுத்தி, வெளியே வந்த பிரதியை அவர் கையில் கொடுத்தாள். தன் சாட்சியத்தை அவர் முதல்முதலாகப் படித்தது அப்போதுதான்.

"நான் இப்படிச் சொல்லல பாப்பா."

"இது யார் கையெழுத்து?"

"என்னுதுதான்."

"எழுத்துல இருக்கும்போது வாய்ப்பேச்சு நிக்காதுன்னு நீங்கதானப்பா ஊருக்கெல்லாம் சொல்வீங்க?"

ஊருக்கு அவர் எடுத்த பாடம் வீட்டுக்குள்ளேயே அவருக்கு எதிராக வந்து நின்றது. மாலையில் அவள் இரண்டு பையோடு கிளம்பினாள். ஒன்றை அவர் வாங்கித் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையம்வரை பின்னாலேயே நடந்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பையை இருக்கைக்கு மேல் ஏற்றி வைத்துவிட்டு, தண்ணீர் பாட்டில் ஒன்று வாங்கி ஜன்னல் வழியாக நீட்டினார். அவள் வாங்கவில்லை. பாட்டிலோடு திரும்பி வந்தார்.

அதன்பிறகு ஒன்பது வருடம். மெக்கானிக் வெளியே வந்ததும் அவர்கள் தூரத்து ஊர் ஒன்றில் கல்யாணம் செய்துகொண்டதும், அங்கே சொந்தமாகப் பழுது பார்க்கும் கடை வைத்ததும், ஒரு பெண் குழந்தை பிறந்ததும் அண்ணனுக்குக் காகித விற்பனையாளர் மூலமாகத்தான் தெரியும். அந்த ஆள் மாதம் ஒருமுறை இரண்டு ஊருக்கும் போய் வருவார். குழந்தைக்குச் சுருட்டை முடி என்று ஒருமுறை சொன்னார். நேரில் பார்த்தீர்களா என்று அண்ணன் கேட்டார். இல்லை, அங்கே யாரோ சொன்னார்கள் என்றதும் முகம் விழுந்துவிட்டது. இருந்தாலும் சுருட்டை முடிக் குழந்தை எது தெருவில் போனாலும் கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டு அது திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருப்பாராம்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு அவளுக்குப் போன் செய்வார். மணி அடித்து அடித்து ஓய்ந்துவிடும். ஒரு ஞாயிறுகூட அவள் எடுத்ததில்லை, ஒரு ஞாயிறுகூட இவர் விட்டதுமில்லை. "நம்பரை மாத்தல பாருங்க. மாத்தியிருக்கலாம் இல்ல?" என்று காகிதக்காரரிடம் சொல்வாராம். அவள் பேசாவிட்டால் என்ன, மணி அவள் வீட்டுக்குள்தானே அடிக்கிறது. தன்னுடைய ஏதோ ஒன்று அந்த வீட்டுக்குள் வாரம் ஒருமுறை போய் வருகிறது என்பதில் அவருக்கு ஓர் ஆறுதல். மகஜரில் கையெழுத்துப் போடுவதை அடியோடு நிறுத்திவிட்டார். அறுபத்திரண்டோடு முடிந்தது. போலீஸ்காரர்கள் கோபித்துக்கொண்டு ரொம்ப நாள் வேறு கடைக்குப் போனார்கள்.

நான் அந்தத் தெருவையே விட்டுவிட்டேன். ஒன்பது வருடமாக மூட்டு வலியோடு இரண்டு தெரு சுற்றித்தான் நீதிமன்றத்துக்கு நடந்தேன். ஏன் இப்படிச் சுற்றுகிறாய் என்று கேட்ட தோழியிடம், டாக்டர் நடக்கச் சொன்னார் என்று சொல்லி வைத்தேன்.

நான் ஓய்வு பெற இரண்டு மாதம் இருக்கும்போது, ஒரு மதிய இடைவேளையில் அவரே என் மேசைக்கு வந்தார். சலவைச் சட்டை. தலை முழுக்க நரைத்திருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"டைப்பிஸ்டம்மா, ஒரே ஒரு சந்தேகம். அன்னைக்கு நான் சொன்னேனா? சொன்னேன்னுதான் இத்தனை வருஷமா நெனச்சுக்கிட்டு இருந்தேன். இப்பல்லாம், மனசுக்குள்ளதான் சொன்னேனோன்னு தோணுது. நீங்கதான் பக்கத்துல இருந்தீங்க."

சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழுவது மேல் என்பார்கள். சண்டைக்காரி காலில் அவர் ஒன்பது வருடம் விழுந்து பார்த்துவிட்டார். கடைசியில்தான் சாட்சிக்காரியிடம் வந்தார். நான் காலை இழுத்துக்கொண்டேன். எத்தனையோ வழக்குகள், ஞாபகமில்லையே என்றேன். இருபத்தாறு வருடமாகப் பொய்ச்சாட்சிகள் சொல்லக் கேட்டுக் கேட்டு நானே அடித்துத் தேய்ந்த வாக்கியம். அவர் எனக்கு ஆறுதல் சொல்வதுபோல் தலையாட்டினார். உங்களுக்கு எப்படிம்மா ஞாபகம் இருக்கும் என்று சொல்லி, தொந்தரவு கொடுத்ததற்கு மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போனார்.

அன்று பிற்பகல் நான் அடித்த தாளில் பிழைமேல் பிழை. இப்போது கணினி, அழித்து அடிப்பது ஒரு விரல் வேலை. அது இன்னும் உறுத்தியது. மறுநாள் காலை ஒன்பது வருடத்தில் முதல்முறையாக அந்தத் தெருவுக்குள் போனேன். அவர் அப்போதுதான் கடையைத் திறந்து எந்திரக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்றபடியே, "சொன்னீங்க. நான் கேட்டேன். அதுக்கு முன்னாடியே வேற மாதிரி அடிச்சுட்டேன். திருத்தல" என்றேன்.

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"சத்தமா சொன்னேனா?"

"இல்ல. மெதுவா."

"ஆனா சொன்னேன்."

"சொன்னீங்க."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார். வாடிக்கையாளர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு நழுவினார். என்னை அடிப்பார், திட்டுவார் என்று நினைத்துத்தான் போயிருந்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒன்பது வருஷம்மா என்று மட்டும் சொன்னார். பிறகு, என்னிடம் சொல்லி என்ன பிரயோஜனம், அவளிடம் போய்ச் சொல்லுங்கள் என்றார்.

காகிதக்காரர் சொன்ன முகவரிக்குப் பேருந்தில் ஆறு மணி நேரம். கடை சின்னது. பிரித்துப் போட்ட எந்திரங்கள், மைத்தூள் வாசனை. மெக்கானிக்குக் காதோரம் நரைத்திருந்தது, விரல் கருப்பு அப்படியே இருந்தது. ஓர் அட்டைப்பெட்டிமேல் நோட்டை வைத்து ஒரு சிறுமி எழுதிக்கொண்டிருந்தாள். சுருட்டை முடிதான். பாப்பா என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. நான் யார், எதற்கு வந்தேன் என்று சொன்னேன். பிறகு முழுவதையும் சொன்னேன்.

அவள் குரல் உயரவே இல்லை. எந்த வக்கீலும் என் முன்னால் அப்படி விசாரித்ததில்லை. எவ்வளவு தூரத்தில் இருந்தேன், மின்விசிறி ஓடியதா, அவர் சொன்ன வார்த்தை என்ன, அதை அப்படியே சொல்ல முடியுமா என்று கேட்டாள். சொன்னேன். இத்தனை வருடம் எங்கே போனேன் என்று கேட்டாள். பயந்துகொண்டிருந்தேன் என்றேன். மெக்கானிக் எழுந்து பின்னால் போய்க் கை கழுவினான். குழாய்ச் சத்தம் வெகுநேரம் நிற்கவில்லை.

இதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும், தன் கணவர்மேல் இருக்கும் களங்கத்தை எடுக்க மேல் கோர்ட்டுக்குப் போகப் போவதாகச் சொன்னாள். கையாலேயே எழுதிக் கொடுத்தேன். வரி வரியாகப் படித்தாள். என்னையும் ஒருமுறை படிக்க வைத்தாள். தாளை மடித்து அவள் உள்ளே வைத்துவிட்டு வந்ததும் கிளம்பலாம் என்று எழுந்தேன்.

"இன்னும் மத்தியானச் சாப்பாட்டை நாலு மணிக்குத்தான் சாப்பிடுறாரா?" என்று கேட்டாள்.

தெரியாது என்றேன். இருமல் நின்றதா? தெரியாது. முடி வெட்டிக்கொள்கிறாரா, இல்லை யாராவது சொல்லும்வரை அப்படியே விட்டுவிடுகிறாரா? சட்டைக்கு யார் இஸ்திரி போடுகிறார்கள்? வீட்டு மாடிப்படியில் விளக்கு போட்டாரா, அதில் அவர் தடுக்கி விழுவாரே? ஒன்றுக்கும் என்னிடம் பதிலில்லை. அவளுக்குக் கோபம் வந்தது. அவ்வளவு நேரமும் வராத கோபம்.

"ரெண்டு தெரு தள்ளி இருந்துக்கிட்டு ஒன்பது வருஷமா இதுகூடப் பாக்கலையா நீங்க? நான் பக்கத்துல இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தலை நரைத்துவிட்டது. சலவைச் சட்டை போட்டிருந்தார். கண்ணாடியைத் துடைக்கும்போது விரல் லேசாக நடுங்குகிறது. அவ்வளவுதான், இரண்டு நாள் பார்த்தது. அவள் அதையே மறுபடி சொல்லச் சொன்னாள். எந்தக் கை நடுங்கியது என்று கேட்டாள். வலது கை.

அவள் அழவில்லை. மகளுக்குக் கேட்காதபடி என் பக்கம் சாய்ந்து சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை நாலு மணி ஆனா வீட்டுல டிவிய நிறுத்திடுவேன். யாரும் பேசக்கூடாது. மணி அடிச்சு முடியற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்து கேப்பேன். கடைசி மணி வரைக்கும். அவர்தான் வைக்கட்டும்னு இருப்பேன். எடுத்தா என்ன சொல்றதுன்னு தெரியல. அவர் பொய் சொன்னார்னு கோர்ட் பேப்பரே சொல்லுது. ஆனா அந்த மணி நின்னுடுமோன்னு ஒவ்வொரு வாரமும் பயமா இருக்கும்."

ஒரு வரி. நான்கு தாளைப் பிரித்துத் தேய்க்கச் சோம்பல்பட்ட ஒரு வரி. இந்தப் பக்கம் ஒருத்தி மணியை எண்ணிக்கொண்டிருக்க, அந்தப் பக்கம் ஒருவர் அடித்துக்கொண்டிருந்தார்.

தான் வருவதை அவரிடம் சொல்லக்கூடாது என்று வாசலில் வைத்து என்னிடம் வாக்கு வாங்கினாள். சொன்னால் சாப்பிட மாட்டார், விடிந்ததிலிருந்து தெருவில் நிற்பார் என்றாள். திரும்பி வந்ததும் என் வாக்குமூலத்தின் இன்னொரு பிரதியை இப்போதைய நீதிபதியிடம் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்தார். விசாரணை வைப்பார்கள் போலிருக்கிறது. வைக்கட்டும். அண்ணன் நீதிமன்ற வாசலிலேயே காத்திருந்தார். என்ன சொன்னாள் என்று கேட்டார். முழுக்கக் கேட்டாள் என்று மட்டும் சொன்னேன். சரி என்றார். அதற்குமேல் கேட்கத் துணிச்சல் இல்லை. கேட்டிருந்தால் எனக்கு மறைக்கத் துணிச்சல் இருந்திருக்காது.

மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு ஒரு நகல் எடுப்பதாகச் சாக்குச் சொல்லிவிட்டு அந்தத் தெருவுக்குப் போனேன். கடையின் ஷட்டர் தரையிலிருந்து ஒரு முழம் மட்டும் விட்டு இறங்கியிருந்தது. வேலைநாளில் அந்த நேரத்தில் அது இறங்கி யாரும் பார்த்ததில்லை. வெளியே நான்கைந்து பேர் தாள்களோடு நின்றார்கள், புது ஏட்டும் நின்றார். ஒரு பொம்பளை குழந்தையோட உள்ள போச்சு, உடனே இறக்கிட்டார், அரை மணி ஆகுது, சத்தமே இல்ல, தட்டிப் பாக்கட்டுமா என்றார்.

நான் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். அவருடைய பழைய ரப்பர் செருப்புக் கால்கள் தெரிந்தன. அவற்றை ஒட்டி, எதிர்ப்பக்கம் பார்த்தபடி ஒரு பெண்ணின் கால்கள். நடுவே, அவர் பாதங்களின்மேல் ஏறி நின்றிருந்த இரண்டு சின்னக் கால்கள். எதுவும் அசையவில்லை.

நிமிர்ந்தேன். இன்று இங்கே நகல் கிடையாது, வேறு கடைக்குப் போங்கள் என்று எல்லோரையும் அனுப்பினேன். ஏட்டு மட்டும் அவசரம் என்று ஷட்டரைத் தட்டக் கையை ஓங்கினார். ஷட்டருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, அவர்கள் தாங்களாகவே திறக்கும்வரை நான் நகரவில்லை.